ஆம்பியர் மாமாவின் தயிர்ப் பரீட்சை

சென்னையில் வெயிலைத் தேடிப் போய் வண்டி நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் தெரு ஆம்பியர் மாமாதான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். மே மாத உச்சி வேளையில் மயிலாப்பூரில் ஒரு புங்கமரத்து நிழலுக்காகக் கார்க்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாமா மட்டும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏம்பா, இங்க வெயில் எங்க நன்னா அடிக்கறது?" என்று கேட்பார். தி. நகரில் ஒரு வாட்ச்மேன் இதைக் கேட்டுவிட்டு, அவரை இறக்கி நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "வூட்டு அட்ரஸ் ஞாபகம் கீதா பெரியவரே?" என்று விசாரித்திருக்கிறான்.

நான் இப்போது பாலவாக்கத்தில் இருக்கிறேன். இங்கே கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, மாமா இல்லை. மயிலாப்பூரில் அவர் முதல் மாடி, நான் அதற்குக் கீழ்வீடு. மாமா முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டியவர். அதுவரை மின்சாரத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு பில் கட்டுவதுதான். ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்து, உள்ளே படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, கூரையில் இரண்டு சோலார் பலகைகளைப் பொருத்தினார். அன்றிலிருந்து மனுஷருக்குப் பேச்சு, மூச்சு எல்லாம் ஆம்பியர்தான்.

அந்த ஆம்பியர் அத்தனையும் ஒரே ஒரு பிரிட்ஜுக்காக. வீட்டுக் கரண்ட் கிடையாது, என்ஜினை ஓட்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது கிடையாது, வெறும் வெயிலிலேயே அது ஓட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். என் மனைவி சட்னி அரைத்தால் மேலேயிருந்து குரல் வரும்: "ஓய், உம்மாத்து மிக்ஸி இப்ப குடிச்ச கரண்ட்டுல என் பிரிட்ஜ் ரெண்டு மணி நேரம் ஓடும்!" கல்யாண மண்டப வாசலில் சீரியல் செட்டைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் ராகு காலம் பார்ப்பார்கள். இவர் நிழல் காலம் பார்ப்பார். எந்த அபார்ட்மெண்டின் நிழல் எத்தனை மணிக்கு எந்தக் கேட்டைத் தொடும் என்பது அவருக்கு மனப்பாடம்.

முதலில் கிடைத்தது சரியான வில்லங்கம். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன கேரவனிலிருந்து கழற்றிய பிரிட்ஜ் அது. கம்ப்ரெஸர் இல்லை, சூட்டைக் கொண்டு குளிர வைக்கும் ஜாதி. சூட்டுக்குக் கேஸ் வைக்கலாம், கரண்டும் வைக்கலாம். கேஸ் கூடாது என்று இவர் கரண்டைக் கொடுத்தார். அது பேட்டரியை உறிஞ்சிவிட்டு இன்னும் கொடு என்றது. போதாததற்கு வண்டி துளி சாய்ந்து நின்றாலும் குளிராது. எங்கள் தெருவோ மழைத்தண்ணீர் ஓட வசதியாகச் சரிவாகப் போட்ட தெரு. மாமா ஒரு தட்டு நிறையத் தண்ணீரை வண்டிக்குள் வைத்து மட்டம் பார்ப்பார், நாங்கள் டயருக்கு அடியில் செங்கல் வைப்போம். "இன்னும் கொஞ்சம்... ஐயோ, ஜாஸ்தி, எடு எடு!" எங்கள் பிளாட்டில் குடியிருந்த ஆட்டோக்காரன் செல்வம் ஒருநாள் செங்கல்லோடு நிமிர்ந்து, "மாமா, இது பிரிட்ஜா, இன்னா கல்யாணப் பொண்ணா? இவ்ளோ மொறை பண்ணிகினு கீறோம்!" என்றான்.

கடைசியில் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரெஸர் பிரிட்ஜ் ஒன்று வாங்கினார். மேலே மூடி திறக்கிற பெட்டி. செங்கல் வேண்டாம், தட்டு வேண்டாம். பேட்டரி பழசு. ஒரு ராத்திரியை எப்படியோ தள்ளிவிடும், மறுநாள் வெயில் வந்துதான் காப்பாற்ற வேண்டும். அதனாலென்ன, மெட்ராஸில் வெயிலுக்கா பஞ்சம்?

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். தயிருக்காக.

மாமி வெளியில் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். தன் கையால் உறை குத்திய தயிர் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது. அந்தத் தயிர் துளி புளித்துவிட்டாலும் தொடமாட்டார். இப்படியும் ஒரு நாக்கு உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. பக்கத்து வீட்டுத் தயிரை வாசனை பார்த்தே "இது நேத்து சாயங்காலம் ஒறை குத்தினது" என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் கும்பகோணத்துக்குக் கிளம்பினார்கள். திண்டிவனத்தில் தூக்கைத் திறந்தார்கள், தயிர் புளித்திருந்தது. பட்டினி, தலைவலி, அடுத்த பஸ்ஸில் மயிலாப்பூர். அவர்களுடைய கும்பகோணம் யாத்திரை திண்டிவனத்தோடு சரி. அதற்கப்புறம் மாமி ஊர் தாண்டவே இல்லை. மாமாவும் தனியாக எங்கும் போகவில்லை. "அவ இல்லாம கோபுரத்தைப் பாத்து என்ன ஓய் பண்றது? யார்கிட்ட சொல்றது?" என்பார்.

ராமேஸ்வரம் போக வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. பிரிட்ஜைக் காட்டி மாமா மறுபடி கூப்பிட்டார். மாமி யோசித்து ஒரு பரீட்சை வைத்தார்.

"அக்னி நட்சத்திரத்துல மூணு நாள். முதல் நாள் காத்தால தோய்ச்ச தயிரை உங்க பொட்டியில வைக்கறேன். ஆத்துக் கரண்ட் கூடாது, என்ஜின் போடக் கூடாது. மூணாம் நாள் மத்தியானம் அதைத்தான் பெசஞ்சு சாப்பிடுவேன். புளிக்கலைன்னா வரேன். புளிச்சுதோ, வண்டியை வித்துடணும். வாசல்ல இந்த டப்பாவைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு போறது!"

"சரி" என்றார் மாமா. மாமி வண்டிச் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தது. அசோக் நகரில் பரோட்டாக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் நடமாடும் கடை போட வேன் தேடிக்கொண்டிருந்தார். பரீட்சை நடக்கும்போதே டேப்போடு வந்து, புகைபோக்கிக்கு எங்கே ஓட்டை போடலாம் என்று கூரையை அளந்தார். "கல்லு இந்தப் பக்கம், மாவு அந்தப் பக்கம்" என்று அவர் கை காட்டக் காட்ட மாமா முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் நாள் தேறியது. மாமா மூடியைத் திறக்கவேயில்லை, யாரையும் விடவுமில்லை. "திறந்தா குளிர் போயிடும் ஓய், தள்ளி நில்லும்!"

இரண்டாம் நாள் தி. நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போகாவிட்டால் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். மாமி வெளியில் சாப்பிடுகிறவர் இல்லையே, அதனால் மாமா மட்டும் போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி தன் வீட்டுப் பால்கனியை ஒட்டி நின்றது. என்ன குறை?

மூன்று மணி வாக்கில் தாம்பூலப் பையோடு திரும்பினார். நானும் செல்வமும் கேட்டருகே நின்றிருந்தோம், அண்ணாச்சி வழக்கம்போல் டேப்போடு. வண்டிக்குள்ளிருந்து கீங் கீங் என்று சத்தம். மாமா கதவைத் திறந்தார். பிரிட்ஜில் சிவப்பு விளக்கு. பேட்டரி இறங்கிப்போய் கம்ப்ரெஸர் நின்றுவிட்டது.

"இத்தனை வெயில்ல பேட்டரி எப்படிய்யா காலியாகும்?" என்று வெளியே வந்தவர் மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

இரண்டு பலகைகளையும் மூடி ஒரு பழைய எட்டு முழ வேட்டி. அதன்மேல் வரிசை வரிசையாக, கோலப்புள்ளி மாதிரி, ஜவ்வரிசி வடாம்.

பால்கனியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "ஏன் எல்லாரும் ஆன்னு பாத்துண்டு நிக்கறேள்? மொட்டை மாடியில ஒரே காக்கா. இங்க நல்ல சூடா, பரப்பா, கைக்கெட்டற தூரத்துல வீணாக் கெடக்கேன்னு இட்டேன். என்னமா காஞ்சிருக்கு பாருங்கோ!"

செல்வம்தான் சொன்னான். "மாமி, அதான் கரண்ட்டு செய்ற பலகை. வெயிலு அது மேல பட்டாதான் பிரிட்ஜி ஓடும். வடாம் காஞ்சிச்சு, பேட்டரியும் காஞ்சிச்சு."

மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! நான் படுபாவி, அது சும்மா மூடின்னுன்னா நெனச்சேன்! ஏன்னா, நீங்க சொல்லவே இல்லையே!" ஆம்பியர் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷர், அந்தப் பலகை எதற்கு என்று சொந்தப் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவுக்குக் கோபமே வரவில்லை. ஏணி போட்டு ஏறி, வேட்டியை நாலு முனையும் பிடித்து, ஒரு வடாம்கூட உடையாமல் மாமி கையில் கொடுத்தார்.

"தப்பு என் பேர்ல. இன்னிக்குப் பொழுதைக் கணக்குல சேத்துக்க வேண்டாம்" என்றார் மாமி.

"வேண்டாண்டி. ராமேஸ்வரத்துல மேகம் போட்டா சூரியன்கிட்ட போய் வாய்தா கேக்க முடியுமா? பரீட்சை பரீட்சைதான்." சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "ஓய், இன்னும் கால் மணியில இந்த எடத்துல அபார்ட்மெண்ட் நிழல் விழுந்துடும். கிழக்கு முனையில ஸ்கூல் சுவர் தாழ்வா இருக்கு. அங்க அஸ்தமனம் வரைக்கும் வெயில் உண்டு. தள்ளுவேளா?"

சாவி மாமி முந்தானையில். இருந்தாலும் என்ஜின் போடக் கூடாது. நல்லவேளை, ஸ்டியரிங் பூட்டு உடைந்து எத்தனையோ காலம் ஆகிறது. மாமா ஸ்டியரிங்கில், நானும் செல்வமும் பின்னால். வண்டி அசைந்தால்தானே! மூச்சு முட்டித் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுக்கிறார்.

"அண்ணாச்சி, தயிர் புளிச்சா வண்டி உங்களுக்குத்தானே?" என்றேன்.

"எனக்கு வந்தா நல்லதுதான் வே. அதுக்காவ இப்பிடி வரப்பிடாது. பேசாம தள்ளும்!"

அப்படித் தள்ளினோம். பின்னாலேயே அபார்ட்மெண்ட் நிழல் துரத்துகிறது. முன்னால் ஸ்பீட் பிரேக்கர். "இன்னும் ஒரு தம்! விடாதீங்க!" என்று மாமா உள்ளிருந்து கத்துகிறார். பைக்கில் வந்த ஒருவர் இறங்கி, "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்சை விடுங்க சார், ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். நாங்கள் மூவரும் ஒரே குரலில், "ஸ்டார்ட் ஆகக் கூடாது!" என்று அலறினோம். அந்த மனிதர் ஏன் என்றுகூடக் கேட்காமல் பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவரும் தள்ளினார். மயிலாப்பூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் தங்கம்.

ஸ்பீட் பிரேக்கரை வண்டி ஏறி இறங்கியபோது கண்ட கண்ட ஜன்னலிலிருந்தெல்லாம் கைதட்டல். ஸ்கூல் சுவரோரம் மஞ்சள் வெயில் பலகை முழுக்க விழுந்தது. மாமா வேட்டி நுனியால் தூசியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து மணி அடிப்பதற்குள் உர்ர்ர் என்றது கம்ப்ரெஸர். எந்தக் கச்சேரியிலும் எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. செல்வம் விசிலடித்தான்.

அன்று ராத்திரி மாமா தன் மெத்தையை எடுத்துப் பிரிட்ஜுக்குப் போர்த்தினார், கம்ப்ரெஸர் மூச்சுவிடும் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தார். விடிந்ததும் மறுபடி தள்ளினோம். இந்தத் தடவை கூப்பிடாமலே பாதித் தெரு வந்துவிட்டது. எந்தக் கேட்டருகே எத்தனை மணிவரை வெயில் என்று மாமா சொல்லச் சொல்ல, உச்சி வேளைக்குள் நாலு இடம் மாற்றினோம்.

மத்தியானம் வண்டிக்குள் இலை போட்டார்கள். வாசலில் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சி டேப்பைப் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டார். மாமா மூடியைத் திறந்து தயிர்க் கச்சட்டியை வெளியே எடுத்தார். மாமி அதை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாதத்தில் விட்டுப் பிசைந்தார். ஒரு வாய். மாமாவின் கை படுக்கைக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு வாய். மாமி எங்கள் யாரையும் பார்க்காமல் இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார், வண்டியிலேயே கை கழுவினார், முந்தானையில் துடைத்துக்கொண்டார். சாவி கலகலவென்றது. செல்வம் தாங்கமாட்டாமல், "இன்னா மாமி, சொல்லுங்க, நெஞ்சு அட்ச்சிகினு கீது!" என்றான்.

மாமி முடிச்சை அவிழ்த்துச் சாவியை மாமா கையில் வைத்தார்.

"ஏன்னா, எத்தனை புடவை எடுத்து வெச்சுக்கட்டும்?"

தெருவே கூச்சல் போட்டது. அண்ணாச்சி என்னைத் தூக்கியே விட்டார். எதைக் கேட்டாலும் ஆம்பியரில் கணக்குச் சொல்லுகிற மனுஷர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் நனைந்து, மாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன்.