பெயரில்லாத மரண அறிவித்தல்

சொந்தப் பெரியப்பாவின் சாவை அவருடைய தங்கைக்கே தெரியாமல் செய்தவன் நான். வேண்டுமென்றல்ல, ஒரு பக்கத்துக்குத் தலைப்புப் போடத் தெரியாததால்.

புளியங்கூடல் ஊர் இணையத்தளத்தை அப்போது நான்தான் நடத்தினேன். (ஆசிரியர், நிருபர், கணினி வல்லுநர் எல்லாம் நானே. சம்பளம் மூவருக்கும் இல்லை.) முக்கால்வாசியும் மரண அறிவித்தல்கள். பத்திரிகையில் வருகிற முதல் வரியை அப்படியே தலைப்பாக்குவேன்: ‘யாழ். புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும், காலியை வசிப்பிடமாகவும் கொண்டிருந்த...’ இறந்தவரின் பெயர் கடைசியில் வரும். அதுதான் கம்பீரம் என்று நினைப்பு. படத்துக்கு எல்லாருக்கும் ஒரே குத்துவிளக்கு.

தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய பெரியப்பா ஒரு காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். டென்மார்க்கில் இருக்கும் மாமி அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. வேலித் தகராறில் எட்டு வருடமாக அண்ணன்மார் இருவரோடும் பேச்சில்லை. என்னோடு மட்டும்தான் தொடர்பு.

“மாமிக்கு நீ அறிவி. வீடியோவிலயாவது முகத்தைப் பாக்கட்டும். அவ பாத்தாப் பிறகுதான் பெட்டி மூடுறது” என்றார் அப்பா.

பேசிச் சொல்ல எனக்குப் பயம். மாமி அழுதால் என்ன செய்வது? அறிவித்தலின் இணைப்பை அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு கும்பிடு கைகளோடு ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று பதில் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

“கூடப்பிறந்தவனுக்கு இவ்வளவுதானோ? சரி, மூடச் சொல்லு.”

ஆறாம் நாள் மாமி அழைத்தார்.

“தம்பி, எனக்கு மனம் கேக்கேல்லை. ஊர்ச் சனம் ஒவ்வொண்டாப் போகுது. கந்தையாண்ணை செத்ததை நீயும் ரெண்டு தரம் அனுப்பிப்போட்டாய். வேலி கிடக்கட்டும். போனைப் பெரியண்ணையிட்டைக் குடு, கதைக்கப்போறன்.”

கந்தையா அண்ணையும் காலியில் கடை வைத்திருந்தவர்தான். பெரியப்பாவுக்கு மூன்று நாள் முன்பு இறந்தவர். இரண்டு தலைப்பும் மாமியின் கைபேசியில் ‘காலியை’ என்ற இடத்தோடு அறுந்து நின்றன. கீழே அதே குத்துவிளக்கு. மருமகன் மறதியில் திருப்பி அனுப்புகிறான் என்று நினைத்து மாமி இரண்டாவதைத் திறக்கவேயில்லை.

நான் சொன்னேன். அன்று மாமி அழுத அழுகையைக் கேட்டபோது செத்துப்போயிருக்கலாம் போல இருந்தது.

இப்போது பெயர்தான் முதலில், பிறகு ஊர், பிறகு ‘காலமானார்’. ஆனால் நான் அனுப்பும் எதையும் மாமி திறப்பதில்லை. உடனே அழைத்து “ஆர்?” என்று கேட்பார். போன வருடம் என் கல்யாண அழைப்பின் இணைப்பை அனுப்பினேன். தலைப்பில் முதலில் என் பெயர்.

“ஐயோ தம்பி, நீயோ?”

கல்யாண வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்றும் சிரிக்கிறார்கள். மாமி கல்யாணத்துக்கு வரவில்லை. பெரியண்ணை இல்லாத ஊருக்கு ஏன் வாறது என்று கேட்டார்.