கட்டத்துக்குள் அடங்காத மணமகள்

"மறுபடியும் வெளியே தள்ளிடுச்சு!" புரோகிராமர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

திருமணத் தகவல் மையத்தின் பழைய பதிவுகள் எல்லாம் கம்ப்யூட்டரின் புதிய டேபிளுக்குள் சமர்த்தாகப் போய்விட்டன. ஒரே ஒரு மணமகள் மட்டும் அடம்பிடித்தாள். 'எதிர்பார்ப்பு' என்ற கட்டத்தில் நூறு எழுத்துதான் பிடிக்கும். அவள் எழுதியதோ அதைத் தாண்டி எங்கோ ஓடியது. திரையில் சிவப்பாக அதே எரர்: டேட்டா நீளம் அதிகம், பதிவு சேராது.

முதலாளி தன் பெரிய மீசையை முறுக்கியபடி எட்டிப் பார்த்தார். மனைவி காலமானதிலிருந்து அவருக்கு ஆபீஸே கதி.

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணு உள்ள போகணும். இல்லேன்னா நீ வெளிய போகணும்!"

அவனோ ஏற்கெனவே இரண்டு வேலையைத் தொலைத்தவன். இதையும் தொலைத்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

பெயரெல்லாம் மறைத்து, பதிவு எண் மட்டும்தான் அவனுக்குக் காட்டுவார்கள். அதிலும் அவன் எத்தனை எழுத்து என்று எண்ணுவானே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே மாட்டான். நூறாவது எழுத்தோடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான். பதிவு உள்ளே போய்விட்டது.

சற்று நேரத்தில் ரிசப்ஷன் அக்கா ஓடி வந்தாள்.

"தம்பி, என்ன பண்ணித் தொலைச்சே? 'வயசு, அழகு, சம்பளம் எதுவும் எனக்கு முக்கியமில்லை, ஆனால்'னு கடைசி வரி அந்தரத்துல நிக்குது. நம்மகிட்ட பதிஞ்ச அத்தனை ஆம்பளைக்கும் பொருத்தம்னு மெசேஜ் போயிருக்கு!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டிய மிச்சத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே! பக்கத்தில் 'தன்னைப் பற்றி' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் கொண்டுபோய்த் திணித்தான்.

போன் அடங்கவில்லை. அக்கா மறுபடியும் வந்தாள்.

"பொண்ணுக்கு அடர்த்தியான மீசையான்னு கேட்டு எல்லாரும் அலறுறாங்க!"

"மீசையா?"

"மாப்பிள்ளைக்குப் போட்ட கண்டிஷன்டா அது! அவங்க தலையிலேயே கட்டிட்டியே! கட்டத்தைப் பெரிசு பண்ணினா என்ன?"

"அதைக் கடைசியா வச்சிருந்தேன்க்கா."

பெரிதாக்கினான். மொத்த சைட்டும் படுத்துவிட்டது. முதலாளி கத்திக்கொண்டே வந்து சேர்வதற்குள் எழுந்துகொண்டது, நல்லவேளை. பதிவு முழுசாக உட்கார்ந்திருந்தது. அவர் அதை ஒரு வரி விடாமல் படித்தார். கத்தல் நின்றது.

"இவங்களை நேர்ல வரச் சொல்லும்மா. நானே மன்னிப்புக் கேக்கறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்றால் வேலை போனது நிச்சயம். பின்னறையில் அவன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனவன் அப்படியே சிலையாகிவிட்டான். எதிர் நாற்காலியில் அவனுடைய அம்மா!

"அம்மா! என் வேலைக்காக நீ வந்து இவர்கிட்ட கெஞ்சணுமா?"

அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. முதலாளிக்குக் குப்பென்று வியர்த்தது. டீ கொண்டுவந்த ரிசப்ஷன் அக்கா மட்டும் சாவகாசமாகச் சொன்னாள்:

"கெஞ்சறதா? காலையிலேர்ந்து நீ வெட்டி ஒட்டின பதிவே உங்கம்மாவோடதுதான் தம்பி, ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு, இனிமே இவரை சார்னு கூப்பிடாதே, அப்பான்னு கூப்பிடு!"