மாமா டெட் முடித்த விவரம்

அன்பும் அறிவும் நிறைந்த, அவற்றைவிட வாய் நிறைந்த என் மருமகளுக்கு,

உன் அத்தையின் கணவனும், கட்டடங்களின் லிஃப்ட்டுகளைச் சோதித்து ஓய்வுபெற்ற ஆய்வாளனும், போன செவ்வாய்க்கிழமை காலை சிறிது நேரம் காலமானவனாகக் கருதப்பட்டவனுமாகிய உன் மாமா எழுதுவது. இவ்விடம் நான் உயிருடன் இருக்கிறேன். அவ்விடம் நீயும் அதே நிலையில் நீடிக்க விரும்புகிறேன். என் மரணத்தை உனக்கு அறிவித்த வேகத்தில் உன் அப்பா மறுப்பையும் அறிவித்திருக்க மாட்டார் என்பதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் என் தொந்தியில் தொடங்கியது. எனக்கு முன்பே அறைக்குள் நுழைந்து என் வருகையை அது அறிவித்துவந்த காலம் உனக்குத் தெரியும். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நான் சாப்பாட்டையே ஒழித்தேன். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், இரவில் கோபம். பெல்ட்டில் துளை மேல் துளை போட்டதில் அது புல்லாங்குழல் ஆயிற்று. வாகை சூடிய மன்னனைப் போல டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர், "கைய ஊனாம நாற்காலிலேருந்து எழுந்திருங்க சார்" என்றார். நான் முயன்றேன், நாற்காலி சம்மதிக்கவில்லை. "பட்டினி கெடந்து சதையக் கரைச்சிட்டீங்க. கொழுப்பு அப்படியேதான் இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்த உன் அத்தை, "அதத்தான் டாக்டர், கல்யாணமான நாள்லேருந்து நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உடனே உன் அப்பா, "அக்கா மூணு மாசம் எங்க வீட்டுல இருக்கட்டும். அத்தானுக்கு அவர் இடுப்பு வேட்டியத் தூக்கிப் பிடிக்கவே தெம்பில்ல, அக்காவ எங்கேருந்து தூக்குவாரு?" என்று சொல்லி, கீழ்த்தளத்து அறைக்கு வெள்ளையும் அடித்துவிட்டார். மூன்று மாதம்! மூக்குக்கண்ணாடி எங்கே என்று நான் யாரைக் கேட்பேன்? "உங்க நெத்தியிலதான் இருக்கு" என்று எந்தச் சுவர் சொல்லும்? சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் நல்லவனாகவே இருப்பது?

ஆகவே டயர் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ஒரு மாஸ்டர். அவருக்குத் தலை எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்பது அவரைப் பெற்றவளுக்கும் தெரியாது. "எடைய எறக்க வந்தவன எடைய ஏத்தச் சொல்றீங்களே, இது என்ன நியாயம்?" என்றேன். "பட்டினிய விடுங்க சார். கொஞ்சமாக் கொறைங்க, முட்டையும் பருப்பும் நல்லாச் சாப்பிடுங்க, கனம் தூக்குங்க. கொழுப்பு போவும், சதை நிக்கும்" என்றார். சரியென்று மலையைப் பெயர்க்கத் தயாராக நின்றவன் கையில் அவர் கொடுத்தது ஒரு துடைப்பக்கட்டை. வாரம் முழுக்க அதைத்தான் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தேன். முதுகு வளையக்கூடாது, இடுப்பைப் பின்னால் தள்ளவேண்டும், தூக்குவதை உடம்போடு ஒட்டிக் கொண்டுவரவேண்டும். இந்த வித்தைக்கு டெட்லிஃப்ட் என்று பெயர். ஆனால் அங்கே எல்லாருக்கும் அவசரம். வெறும் 'டெட்' என்பார்கள். வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்த லிஃப்ட்டை இவர்கள் முழுங்கியதுதான் வினையாயிற்று.

செவ்வாய்க்கிழமை முதல்முறையாக நிஜ இரும்புக் கம்பி. தூக்கினேன். பூமியின் சுழற்சி ஒரு கணம் நின்றது. கம்பியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கத் தரையில் மல்லாந்தேன். அந்த நேரம் பார்த்து உன் அத்தை என் கைபேசிக்கு அழைத்தாள். மாஸ்டர் எடுத்தார்.

"அவர் எங்க இருக்காரு?"

"சார் இப்பத்தான் டெட் முடிச்சாரு மேடம். தரையிலதான் கெடக்காரு."

"ஐயோ! என்ன சொல்றே?"

"பயப்படாதீங்க மேடம், மொத டெட்டே அருமையாப் போச்சு. வலி கிலி ஒண்ணும் இல்லயாம். நாங்க எல்லாரும் சுத்தி நின்னு கைதட்டினோம்."

அத்தை உன் அப்பாவிடம் போனில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்தாள். முழங்காலைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறவள், மூன்று தெருவைக் கடந்து, டயர் கடைப் படியேறி, என்னைப் பார்த்து, "போயிட்டீங்களா?" என்று அலறினாள். "இல்ல, தண்ணி குடிக்கத்தான் போவணும்" என்றேன். அப்படியே தரையில் சரிந்தாள். பிறகு அவளால் எழ முடியவில்லை. மாஸ்டர் கை நீட்டினார். "யாரும் தொடாதீங்க!" என்று கர்ஜித்தேன். இடுப்பைப் பின்னால் தள்ளினேன், முதுகை நிமிர்த்தினேன், உடம்போடு ஒட்டிப் பிடித்தேன், தூக்கினேன். நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்த உன் அப்பா கண்ட காட்சி அதுதான். பிணம் தன் மனைவியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

ஆகையால், மருமகளே, உன் அத்தை அவர் வீட்டுக்கு வரமாட்டாள் என்பதை உன் அப்பாவிடம் தக்க மரியாதையுடன் தெரிவி. நீயும் உன் குடும்பமும் கை ஊனாமல் எழுந்திருக்கும் கால்களோடு நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
பலசாலியாகிய உன் மாமா

பின்குறிப்பு: இதை உன் அத்தை படித்துவிட்டாள். "தூக்கினாராமா? நான் ஜன்னல் கம்பியப் பிடிச்சு நானா எழுந்தேன். இவரு என் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே தொங்கிக்கிட்டு வந்தாரு" என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். அன்று மாலை முதல் என் முதுகு பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதம் முழுவதும் குப்புறப் படுத்தபடி எழுதியது. அவள் ஓடிய ஓட்டத்தைக் கேள்விப்பட்ட டாக்டர், ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிவைத்துக் காலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டார். மாஸ்டரிடம் அவளே சேர்ந்துவிட்டாள். படுக்கையில் கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லையாம். கீழ்த்தளத்து அறையை உன் அப்பா பூட்டிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.