இரண்டே வரிப் பலகை

மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குப் புத்தி குறைவு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கஷ்டமெல்லாம் அது தேவைக்கு மேல் வேலை செய்ததால் வந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, சிங்கப்பூரில் மூட்டை தூக்கி, கடைசியில் மலாக்கா வந்து காஜா பேராங் தெருவில் சுப்பையா முதலாளியிடம் ஒட்டிக்கொண்டேன். விசேஷங்களுக்குச் சாமான் அனுப்பும் கடை. ஆர்டர் ஃபோனில் வரும். துண்டுச் சீட்டில் வரும். எங்கே எதை இறக்க வேண்டும் என்று லாரிக்காரர்களிடம் சொல்வது என் வேலை. ஒரு வாரம் தப்பில்லாமல் ஓட்டினால் நிரந்தரம். கடைக்குப் பின்னால் கட்டில், மூன்று வேளைச் சோறு. (பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்திருந்தவனுக்கு அது அரண்மனை.)

முதலாளி ஒரு பேர்ப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு பக்கம். வழக்கமாக அவருக்கு என்ன போகும் என்பது அதில் இருக்கும்.

"பேரத் தேடிப் பாத்துட்டு அனுப்புடா."

"எதுக்கு மொதலாளி அவ்ளோ பக்கம் பொரட்டணும்? ரெண்டு ரூல் போட்டா போதும்."

"போட்டுக்கோ. தப்பு வந்துச்சு, கட்டிலு காலி லா."

பலகையில் சாக்பீஸால் எழுதினேன். மலாயில் ஆர்டர் வந்தால் முஸ்லிம் வீட்டுக் கந்தூரி விருந்து: ஆடு. தமிழில் வந்தால் பூஜை: காய்கறி, வாழையிலை, கற்பூரம், சாம்பிராணி. ஆறு நாள் கச்சிதமாக ஓடியது. புத்தகம் மேசைக்கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்தது.

ஏழாம் நாள் இரண்டு ஃபோன். முதல் ஆள் மலாயில் பேசினார்: நாளைக்கு விருந்து, வழக்கமான சாமான், இறக்க வேண்டிய இடம் கம்போங் செட்டி. இரண்டாம் ஆள் தமிழில்: "தம்பி, காசிம் பாய் பேசுறேன். நாளைக்கு விருந்து. எப்பவும் வர்றதையே அனுப்பிருங்க." 'பாய்' என்ற சொல் என் காதில் நன்றாகவே விழுந்தது. பலகையில் அதற்கு இடமில்லை.

மறுநாள் காலை கம்போங் செட்டிக்கு லாரியில் நானே போனேன். இறங்கிய இடம் கோவில் வாசல். நெற்றி நிறைய விபூதியோடு தருமகர்த்தா பிள்ளை வந்து, லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்பா இனி?" இது என்ன என்று மலாயில் கேட்டார்.

மூன்று ஆடுகள். கோவிலில் பூஜை விருந்து; எல்லோரும் கவுச்சி தொடாத விரதம். தலைமுறை தலைமுறையாக மலாயே வீட்டுப் பேச்சாகிப்போன இந்துக்கள் அவர்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் என் பலகைக்கும் தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் ஓர் ஆடு மாவிலைத் தோரணத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

அதற்குள் முதலாளி சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"டேய்! காசிம் பாய் வீட்டுல பூசணிக்காயா எறங்கிக் கெடக்கு! பிரியாணிச் சட்டிய அடுப்புல ஏத்திட்டு நிக்கிறாரு! 'சாம்பிராணிய மட்டும் வெச்சிக்கிறேன், மத்தத எடுத்துட்டுப் போங்க'ங்கிறாரு!"

லாரி வேறு வேலைக்குப் போய்விட்டது. மூன்று ஆட்டையும் காசிம் பாய் வீட்டுக்கு நடுத்தெருவில் நானே இழுத்துப் போனேன். (இழுத்தது யார் என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.) கோவிலுக்குத் திரும்பும்போது தள்ளுவண்டியில் பூசணிக்காய். பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"மொதலாளி, கட்டிலு..."

"ஒம் பலகை மேலயே படுத்துக்கோ, போ."

அன்றைக்கு மறுபடியும் அதே பெஞ்ச்தான்.

பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் ஏதாவது தகராறு வந்து, "இதுக்கு ஒரே ஒரு ரூல் போட்டா போதும்" என்று நான் ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து என் மனைவி, "மே..." என்பாள்.