இடது ஆள்காட்டி விரல்

"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது வருகைப்பதிவு மெஷின்.

கீச்சு இடது ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விட்டது.

"மீண்டும் முயற்சிக்கவும்."

திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டலாம். இது மரியாதையாகச் சொல்லியே மானத்தை வாங்கியது.

கீச்சு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வயலின் படிக்கிறவள். முதல் வருடம் அவள் வாசித்ததைக் கேட்டு விடுதிப் பெண்கள் வைத்த பெயர் அது. அந்த ரோஷத்தில் ராப்பகலாகச் சாதகம் செய்து இப்போது நன்றாகவே வாசிக்கிறாள். பெயர்தான் போகமாட்டேன் என்கிறது. வருகை குறைந்தால் இறுதித் தேர்வுக்கு விடமாட்டார்கள், ஒரு வருடம் பாழ். தினமும் முதல் பெஞ்சில் உட்காருகிறவள், மெஷின் கணக்கில் ஆளே இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "மெஷின்ல கோளாறு இல்லம்மா, உன் விரல்லதான். கம்பியில தேச்சுத் தேச்சு ரேகையே அழிஞ்சுபோச்சு. தினம் ஒழுங்கா வாசிக்கிற யாருக்கும் இதே கதிதான். அந்தக் கிடார் பையனும் நேத்து வந்து அழுதுட்டுப் போனான்."

"அப்ப வேற விரலைப் பதிஞ்சுக்கலாமே?"

"தாராளமா" என்றாள் அலுவலக அக்கா. "ஆனா மாத்தறதுக்கு முன்னாடி, பழைய விரலை வெச்சு நீதான் நீன்னு நிரூபிக்கணும்."

அம்மாவுக்குப் போன் போட்டாள். "கைக்கு நல்லா க்ரீம் தடவுடி. உங்கப்பாவோட குதிகால் வெடிப்பே அதுலதான் சரியாச்சு" என்றாள் அம்மா.

தடவினாள். மறுநாள் மெஷின் மனம் குளிர்ந்து, "நன்றி! விடுதிச் சமையல்காரர், வருகை பதிவானது" என்றது.

சமையல்காரருக்கோ அன்று விடுமுறை. மெஷினில் ஆள் இருக்கிறார், அடுப்படியில் இல்லை. விடுதி மேற்பார்வையாளர் தேடிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"காலைல சமையல்காரர் பேர்ல விரல் வெச்சது நீதானே? வா, வெங்காயம் காத்துக்கிட்டிருக்கு."

"ஐயோ சார், நான் வயலின் ஸ்டூடண்ட்!"

"மெஷின் அப்படிச் சொல்லலையேம்மா."

ஒரு கூடை வெங்காயம். பாதிக் கூடையில் கண் தெரியாமல் போய், கத்தி பதம் பார்த்தது எதை என்று நினைக்கிறீர்கள்? அதே இடது ஆள்காட்டி விரலைத்தான். கட்டுப் போட்ட விரலை அடுத்த நாள் வைத்தால், மெஷின் இப்போது, "விரல் இல்லை" என்றது.

கீச்சு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். அலுவலக அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதே. 'வாசிச்சு வாசிச்சு ரேகை தேஞ்சிடுச்சு'ன்னு ஒரு கடிதம் அடிச்சுத் தரேன். உங்க துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டா போதும், தேர்வுக்கு நான் பொறுப்பு."

வயலின் துறைத் தலைவர் பெரிய ஆள். மெஷினில் பெயருக்கு ஒருமுறை விரலைப் பதிந்ததோடு சரி, தினமும் அவருக்குக் கையெழுத்துதான். வயலின் பெட்டி இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. திறந்த பெட்டியையும் யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "நான் வாசிச்சா நீங்க காப்பியடிப்பீங்க. அப்புறம் உங்க சொந்தத் திறமை என்னாகும்?" என்பார்.

கடிதத்தைப் பார்த்ததும் குதித்தார்.

"ரேகை தேஞ்சிடுச்சா! தினம் எட்டு மணி நேரம், முப்பது வருஷமா வாசிக்கிறவன் நான். எனக்குத் தேயல, உனக்குத் தேஞ்சிடுச்சா? மட்டம் போட்டுட்டுக் கதை விடறியா?"

"சார், தினம் உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்கேன்!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல பாடம் நடத்தறேன்! வா, இப்பவே காட்டறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷினை நோக்கி நடந்தார். கீச்சு, மெக்கானிக், கிடார் பையன், கடிதத்தோடு அலுவலக அக்கா என்று பின்னால் ஒரு ஊர்வலமே போயிற்று.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இதே இடது ஆள்காட்டி விரல்!"

வைத்தார். மெஷின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நன்றி! துறைத் தலைவர், வயலின். வருகை பதிவானது."

"பாத்தீங்களா!" என்று வெற்றியோடு திரும்பினார்.

கிடார் பையன் தன் விரலைப் பார்த்தான். பிறகு அவர் விரலைப் பார்த்தான். மெக்கானிக் இருமினார். துறைத் தலைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அலுவலக அக்கா மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடறீங்களா சார், இல்ல பெட்டியைத் திறக்கறீங்களா?"