காய்ச்சிய தண்ணீரும் பாதி வாக்கியமும்

குழாயைத் திறந்ததும் தண்ணீர், "ஏங்க, அந்த..." என்று கரகரத்துவிட்டு டம்ளரில் விழுந்தது.

பிழைதிருத்துபவர் டம்ளரைக் காதில் வைத்துப் பார்த்தார். மனைவியின் குரல்தான். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னதும் இவ்வளவுதான். அதற்குமேல் மூச்சு இல்லை. அச்சகத்தில் முற்றுப்புள்ளி இல்லாத ஒரு வரியைக் கூட விட்டுவைக்காத மனிதர், இதை மட்டும் எப்படி விடுவார்?

"தண்ணி கலங்கலா இருக்கு. அதான் மீதி கேக்கல," என்றார் தங்கையிடம்.

"முதல்ல நீ தெளி, அண்ணா."

காய்ச்சினார். கொதிக்கக் கொதிக்க மூடிக்கு அடியில் அவள் இருமினாள். ஆறியபின் அதே இரண்டு சொல், தொண்டை கட்டிய குரலில்.

குளோரின் மாத்திரை போட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பாவம், அண்ணியை ஏன் இப்படிப் படுத்துற?" என்ற தங்கை, அன்றோடு அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

கேண்டில் ஃபில்டர் வாங்கினார். சொட்டுக்கு ஓர் எழுத்தாக விழுந்தது. "ஏ... ங்... க..." பாத்திரம் நிரம்பியும் "அந்த" தாண்டவில்லை.

"ஆர்.ஓ. போட்டுடுங்க சார், சுத்தமா எடுத்துடும்," என்றார் ஃபில்டரைப் பார்க்க வந்த மெக்கானிக்.

எடுத்துவிட்டது. தண்ணீர் கண்ணாடி போல இறங்கியது. ஒரு முனகல் கூட இல்லை.

"குரல் எங்கய்யா?"

"எது சார்?"

"இதுல இருந்தது!"

"தண்ணியைத் தவிர மத்ததெல்லாம் வேஸ்ட் ட்யூப்ல போயிடும் சார்," என்றார் மெக்கானிக் பெருமையாக. "கீழ்வீட்டம்மா செடிக்கு வேணும்னாங்க. அங்க விட்டிருக்கேன்."

பிழைதிருத்துபவர் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினார். தொட்டிகளுக்கு நடுவே கீழ்வீட்டம்மா ஈரமண்ணில் காதை வைத்துக் குந்தியிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் தலை மட்டும், யாரோ சொல்வதற்கு "ம், ம்" என்று ஆடிக்கொண்டிருந்தது.

"சொன்னாளா? மீதியைச் சொன்னாளா?"

"சொன்னாங்க சார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"ஏன்?"

கீழ்வீட்டம்மா மண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பாதியில நிறுத்தினதே வேணும்னுதானாம். முழுசாச் சொல்லியிருந்தா, நீங்க அன்னிக்கே பின்னாடியே கிளம்பி வந்திருப்பீங்களாம்."