பழைய மூக்கைத் திருப்பிக் கொடுங்க, டாக்டர்

கடவுள் கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் அதே சாமான் வராது. வேறு ஏதாவதுதான் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை படுத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அறியாப் பருவம்.

என் மூக்கு பெரியது. எங்கள் அப்பாவின் மூக்கு அது. அவருக்கு அதன் கீழே ஒரு மீசை இருந்ததால் கம்பீரமாகத் தெரிந்தது. (எனக்கு அந்த வசதி இல்லை.) ஆனாலும் அந்த மூக்கோடுதான் கல்யாணம் கட்டினேன், மகனைப் பெற்றேன், விருதுநகர் பஜாரில் நாலு பேர் ஒதுங்கி வழிவிடும்படி நடந்தேன். எவளும் என் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதில்லை.

மகனுடைய நிச்சயதார்த்தத்தில்தான் வினை வந்தது. பெண் வீட்டார் சிவகாசியில் பிரஸ் வைத்திருப்பவர்கள். எதையும் பெரிதாக அச்சடித்தே பழகியவர்கள். மண்டபத்திலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரையை நிறுத்தியிருந்தார்கள். கேமராக்காரன் என்ன நினைத்தானோ, என்னைப் பக்கவாட்டில் பிடித்து அப்படியே நிறுத்திவிட்டான். திரையில் மூக்கு மட்டும் ஓர் ஆள் உயரம்.

"ஏட்டி, அங்கன பாரு. மாப்பிள்ளையோட அம்மா இன்னும் வரல, மூக்கு மட்டும் முன்னால வந்துருச்சு."

பின் வரிசைக் குரல். சிரித்தவர்களில் என் நாத்தனார் பொன்னுத்தாயும் ஒருத்தி.

கல்யாணத்துக்கும் அதே மண்டபம், அதே திரை. அதற்குள் மூக்கைக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பொன்னுத்தாய்க்கு மதுரையில் வீடு. சிரித்த பாவத்துக்கு அவளையே துணைக்குப் பிடித்தேன். வீட்டுக்காரரிடம் சைனஸ் ஆபரேஷன் என்று சொன்னேன். ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி உண்டு. சீசன் நேரம். "சரி, போயிட்டு வா" என்றார். எந்த மூக்கு, என்ன ஆபரேஷன் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

டாக்டர் சின்னப் பையன். என் மூக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இங்கே குறைக்கலாம், அங்கே தூக்கலாம் என்று பாதி இங்கிலீஷில் விளக்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புரியாமல் ஆட்டியவற்றில் ஒன்று, மூக்குத்தியின் கனத்தில் இழுபட்டுத் தொங்கிப்போன என் துவாரத்தைத் தைத்து அடைத்துவிடுவது.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைக் கொடுத்தார்கள். உள்ளே யாரோ ஒரு டீச்சரம்மா இருந்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொச்சைக்கொட்டை. அதுகூடப் போகட்டும். வலது பக்கம் தடவிப் பார்த்தேன். துவாரம் இல்லை. மறுபடி தடவினேன். மொழுமொழுவென்று இருந்தது.

எங்கள் குடும்பங்களில் தாலி, மெட்டி, மூக்குத்தி மூன்றும் புருஷன் இருக்கும்வரைதான். அவர் போனால் மூன்றையும் கழற்றுவார்கள். அவர் இருக்கும்போதே நானாகப் போய் ஒன்றைக் கழற்றி, இனிமேல் போடவே முடியாதபடி அடைத்தும் வைத்துவிட்டேன். மனிதர் தினமும் வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிறவர்.

"மதினி, லெட்சணமாத்தான் இருக்கு" என்றாள் பொன்னுத்தாய்.

"ஒங்க அண்ணனுக்குப் போனப் போடுடி மொதல்ல!"

மதுரையிலிருந்து வீடு வரும்வரை போட்டோம். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகப் பட்டாசுக்காரர் பெண்டாட்டி, எனக்குத் தெரியாதா? ஆனால் பயத்துக்குத் தெரியவில்லை. புது மூக்கு குறுகல். பயத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் அது விசில் அடித்தது. டிரைவர் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி டயரைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் பெண்ணின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, சொல்லாமல் கொள்ளாமல் பலகாரத் தூக்கோடு வந்து நின்றார். நான் இறங்கினேன். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன (ஆபரேஷன் வீக்கம்). மூக்கில் மூக்குத்தி இல்லை. சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார். தூக்கு கீழே விழுந்தது. அதிரசங்கள் தெருவுக்கு உருண்டன.

"ஐயோ சம்பந்தி! அண்ணாச்சி போயிட்டாகளா!"

சிவகாசியிலிருந்து வருகிற வழியில்தான் எங்கள் கம்பெனி. அதைத் தாண்டித்தான் அவர் வந்திருக்கிறார். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"எங்கன பாத்தீக? எப்படி இருந்துச்சு?" என்று அலறினேன்.

"நான் வரும்போது எல்லாம் அமைதியாத்தான் கெடந்துச்சு!"

அமைதியாகக் கிடந்தது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போனது. கட்டிப்பிடித்து அழுதார். ஆளுக்கு ஆள் மற்றவருக்கு விவரம் தெரியும் என்று நம்பிக்கொண்டு அழுதோம். என்னோடு காரில் வந்த பொன்னுத்தாய்க்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். மாரில் அடித்துக்கொண்டு எங்களைவிடச் சத்தமாக அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அப்போது என் பையில் ஃபோன் அடித்தது. அவர் படம். போனவரே கூப்பிடுகிறார். எடுக்க எனக்குத் தைரியமில்லை. பொன்னுத்தாய்தான் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே... உசுரோடதான் இருக்கீகளா?"

"சாப்பாடு வந்து சேந்துச்சுன்னா இருப்பேன். எங்க, இன்னும் காணோம்?"

மதியச் சாப்பாட்டுக்கு அவரையே வீட்டுக்கு வரச் சொன்னோம். உட்கார்ந்து ரசத்துக்கு வந்திருப்பார். அதற்குள் பரவிவிட்ட சாவுச் சேதியைக் கேட்டு, சிவகாசியிலிருந்து சம்பந்தி ஒரு கார் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை.

"வாங்க சம்பந்தி, சாப்பிட்டீகளா?" என்றார் என் வீட்டுக்காரர்.

சம்பந்தி மாலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. "சும்மா... ஒரு மரியாதை செய்யலாம்னு" என்று சொல்லி இவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். மாலையோடு ரசத்தைக் குடித்து முடித்த பிறகுதான் இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய், சைனஸ்ல மூக்கு கரையுமா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனவருக்கென்று வாங்கிய மாலை இருக்கிறவர் கழுத்தில் விழுந்திருக்கிறது. அவர் அதைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் எறிந்தேன்.

மறுநாளே மதுரை.

"என் பழைய மூக்கத் திருப்பிக் குடுங்க, டாக்டர்."

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. என்னோடது இல்ல."

வீக்கம் முழுசாக வற்றவே ஒரு வருஷம் ஆகும், அதுவரை கைவைக்கக் கூடாது, துவாரமும் போடக் கூடாது என்றார். "வெட்டுனத எங்க வச்சிருக்கீக? அது எங்க வீட்டுது" என்று கேட்டேன். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சுவரைப் பார்த்தார். அது கிடைக்காது, காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்துத்தான் மூக்கை நிமிர்த்த வேண்டும், அப்போதும் அச்சாகப் பழைய மூக்கு வராது என்றார். இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

அந்த ஒரு வருஷம் நான் பட்ட பயம் என் எதிரிக்கும் வேண்டாம். தூரத்தில் சாம்பிள் வெடி போட்டாலும் எழுந்து ஓடுவேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கும் வாட்ச்மேனுக்குப் பொழுதுக்கும் ஃபோன் போடுவேன். "அண்ணாச்சி நல்லா இருக்காகம்மா. இப்பத்தான் என்னைய வஞ்சாக" என்பார். வசவு கேட்டால்தான் எனக்குக் கஞ்சி இறங்கும்.

மகன் கல்யாணத்துக்கு மூக்குத்தியை லேபிள் ஒட்டுகிற பசையால் ஒட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து அது விழுந்தது. நான் குனிந்து, மிதிக்கிற கால்களுக்கு நடுவே தேடினேன். அந்தப் பெரிய திரையில் இந்தத் தடவை என் மூக்கு தெரியவில்லை. முதுகு தெரிந்தது. ஆல்பத்திலும் அதுதான் இருக்கிறது.

வருஷம் கழிந்து இரண்டாவது ஆபரேஷன். முதல் தடவை ஆசையில் போனவள், இந்தத் தடவை நடுங்கிக்கொண்டு போனேன். பொன்னுத்தாய் ஆறுதல் சொன்னாள்.

"பயப்படாதீக மதினி. ஏதாச்சும் ஆனாலும் சுமங்கலியாத்தான் போவீக. பூவும் பொட்டுமா."

"மூக்குத்தி?"

"அது ஒண்ணுதான் கொறை."

மயக்கம் தெளியும்போது கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. மூக்கில் கட்டு, காதில் கட்டு. பக்கத்தில் நாற்காலி இழுபட்டது. வருஷம் முழுக்க என் பயத்தைக் கேலி செய்த மனிதர், என் தலைமாட்டில் குனிந்து, யாருக்கும் கேட்காமல் பேசினார்.

"ஏய்... எந்திரி. நீ போயிட்டேன்னா நான் எதக் கழட்டுவேன்? எங்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மனிதர் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் சொன்னேன். "எதக் கழட்டன்னு கேட்டீகளே, மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க. அழுக்கு நாறுது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "மயக்கத்துலல்ல கெடந்த? எப்படிக் கேட்டுச்சு?"

"காதுல கொஞ்சம் எடுத்து மூக்குல வச்சிருக்காகல்ல. எனக்கு இனிமே ரெண்டுலயும் கேக்கும்."

பொன்னுத்தாய் பக்கத்தில் நின்றாள். அவள் நிற்கும்போது ஒன்றைச் சொல்வது, மைக் வைத்துச் சொல்வதற்குச் சமம்.

இப்போது இருப்பது மூன்றாவது மூக்கு. அப்பாவுடையதும் இல்லை, டீச்சரம்மாவுடையதும் இல்லை. ஆறு மாசம் ஆறவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு ஆசாரி வந்து துவாரம் போட்டார். வலித்தது. சந்தோஷமாக அழுதேன். எங்கள் வீட்டில் யாராவது குசுகுசுவென்று பேசினால், "அத்தை மூக்கு இந்தப் பக்கம் திரும்புது, அப்புறம் பேசு" என்று மருமகள் எச்சரிக்கை விடுகிறாள். அவள் அம்மாவோடு பேசவேண்டி வந்தால் ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கே போய்விடுகிறாள்.

வீட்டுக்காரர் மட்டும் அதன் பிறகு என் பக்கத்தில் எதையும் மெதுவாகச் சொன்னதில்லை. மத்தியான வேளையில் அவர் கட்டிலோரம் வந்து உட்காரும்போது, நான் அயர்ந்து தூங்குகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்து பார்க்கிறேன். ஊகும். மனிதர் உஷாராகிவிட்டார்.